மேயரின் பொறுப்பில் பள்ளிகள்: பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் அனுபவங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசமைப்புச் சட்டம் கல்வியைப் பற்றி எதுவும் கூறவில்லை. அதனால் பள்ளிக்கல்வி மாநிலங்களின் பொறுப்பாயிற்று. மாநிலங்களோ அப்பொறுப்பை நெடுங்காலத்துக்கு முன்பே ‘பள்ளி மாவட்டம்’ எனப்படும் உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்துவிட்டன. நம் வருவாய் மாவட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இந்தப் பள்ளி மாவட்டம், பள்ளிகளை நடத்துவது ஒன்றையே வேலையாகக் கொண்ட தனி அரசு; அதற்கென்று எல்லை உண்டு, வாக்காளர்கள் உண்டு, பல மாநிலங்களில் சொத்து வரி விதிக்கும் உரிமையும் உண்டு. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றை, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வாரியமும் அவ்வாரியம் சம்பளத்துக்கு அமர்த்தும் கல்விக் கண்காணிப்பாளரும் நிர்வகிக்கின்றனர். சென்னை மாநகராட்சி தன் பள்ளிகளைத் தானே நடத்துவதைப் பார்த்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இது புதிதாகத் தோன்றலாம்: குப்பை அள்ளுவது முதல் காவல்துறை வரை தன் கையில் வைத்திருக்கும் ஓர் அமெரிக்க மேயருக்கு, அந்நகரத்துப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரை மாற்றும் அதிகாரம் பெரும்பாலான ஊர்களில் கிடையாது.

இந்தப் பிரிவினை தற்செயலாக நேர்ந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருநகரப் பள்ளிகள் வட்ட அளவிலான கட்சித் தலைவர்களின் பிடியில் இருந்தன. ஆசிரியர் வேலை, பாடநூல் ஒப்பந்தம், கட்டட ஒப்பந்தம் எல்லாம் கட்சிக்காரர்களிடையே பங்கிடப்பட்டன. 1890 முதல் 1920 வரையிலான காலத்தில், பெரும்பாலும் வணிகர்களும் வழக்கறிஞர்களும் பல்கலைக்கழகத்தாருமாக இருந்த சீர்திருத்தவாதிகள், வட்டத்துக்கு ஓர் உறுப்பினர் என்றிருந்த பெரிய வாரியங்களைக் கலைத்துவிட்டு நகர் முழுவதற்கும் பொதுவான சிறிய வாரியங்களை அமைத்தனர். கட்சி அடையாளம் இல்லாத தேர்தலை, மற்றத் தேர்தல்கள் நடக்காத நாளில் நடத்தும் வழக்கமும் பல ஊர்களில் ஏற்பட்டது. கல்வியை அரசியலிலிருந்து பிரித்துவிட்டதாக அவர்கள் நம்பினார்கள். உண்மையில் நடந்தது வேறு: பொதுமக்களில் மிகச் சிலரே வாக்களிக்க வரும் தேர்தலில், அமைப்பாகத் திரண்டவர்களின் வாக்கே எடை கூடியதாயிற்று, பள்ளி கெட்டால் எவரிடம் போய்க் கேட்பது என்பதும் மங்கிப்போயிற்று. சிகாகோ போன்ற சில பெருநகரங்களில் வாரிய உறுப்பினர்களை மேயரே நியமித்துவந்தார் என்றாலும், நியமித்ததோடு ஒதுங்கிக்கொள்வதே மேயருக்கு அழகு என்றும், அதைவிட முக்கியமாக ஆதாயம் என்றும் கருதப்பட்டது. சீரழிந்த பள்ளிகளின் பழியைச் சுமக்க எந்த மேயர்தான் முன்வருவார்?

முன்வர வைத்தது நகரங்களின் பொருளாதாரம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நடுத்தர வகுப்பினர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். நகரத்தின் வரி அடித்தளம் சுருங்கியது. எஞ்சிய பிள்ளைகளில் ஏழைகளின் விகிதம் ஏறியது. அரசு ஆணையம் ஒன்று 1983இல் வெளியிட்ட ‘ஆபத்தில் ஒரு தேசம்’ என்ற அறிக்கை பள்ளிகளின் தரத்தை நாடளாவிய பேச்சாக்கிய பிறகு, குழந்தை ஐந்து வயதை எட்டியதும் இளம் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போவதைத் தடுக்காமல் எந்த நகர மேம்பாடும் நிலைக்காது என்பதை மேயர்கள் உணரத் தொடங்கினர். 1990களில் தொடங்கிய ‘மேயர் கட்டுப்பாடு’ என்ற ஆட்சி முறைக்கு வேர் இதுவே. வாரியத்தையும் கல்வித் தலைமையையும் மேயரே நியமிப்பதும், விளைவுக்கு அவரே வாக்காளர் முன் பதில் சொல்வதும் இதன் சாரம். அதற்கான அதிகாரத்தை மேயர் தாமாக எடுத்துக்கொள்ள முடியாது. மாநில சட்டமன்றம் வழங்க வேண்டும். வழங்கியது போலவே திரும்பப் பெறவும் அதற்கு உரிமை உண்டு என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதி காட்டும்.

பாஸ்டனில் மாற்றம் ஓசையின்றி வந்தது. கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஒரே பள்ளிகளில் சேர்ப்பதற்காகப் பேருந்துகளில் ஏற்றி வேறு வட்டாரங்களுக்கு அனுப்ப வேண்டுமென்று 1974இல் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அந்நகரம் கலவரக் களமாயிற்று. அந்த உத்தரவுக்குக் காரணமான இனப்பிரிவினையைப் பேணிக் காத்தது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிக்குழுவேதான் என்பது மறக்கத்தக்கதன்று. 1991இல் மாநில சட்டமன்றம் அக்குழுவை ஒழித்து, நியமனக் குழு தரும் பட்டியலிலிருந்து மேயர் தேர்ந்தெடுக்கும் எழுவர் கொண்ட குழுவை ஏற்படுத்த இசைந்தது. புதிய குழு 1992 ஜனவரியில் பதவியேற்றது. 1993இல் மேயரான தாமஸ் மெனினோ 2014 தொடக்கம் வரை அப்பதவியில் இருந்தார். கல்விக் கண்காணிப்பாளர் தாமஸ் பேசான்ட் 1995 முதல் 2006 வரை நீடித்தார். பெருநகரக் கண்காணிப்பாளர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் மாறிவிடுவது வழக்கமாக இருந்த நாட்டில், இருவரின் பதவிக்காலங்களும் இப்படிப் பொருந்தி அமைந்ததே பாஸ்டனின் பெரும்பேறு. 1996இல், தரச்சான்றை இழந்திருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியின் அரங்கில் நின்று நகரின் நிலை குறித்து உரையாற்றிய மெனினோ, பள்ளிகள் தேறாவிட்டால் தம்மைக் கடுமையாக எடைபோடுமாறு வாக்காளரைக் கேட்டுக்கொண்டார். அவ்வாண்டு நடந்த வாக்கெடுப்பில் நியமனக் குழுவையே நகரம் தக்கவைத்தது. சிறந்த நகரப் பள்ளி மாவட்டத்துக்கான பிராட் பரிசு 2006இல் பாஸ்டனுக்குக் கிடைத்தபோது, அந்த வெற்றியில் பாடமுறைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு பொறுமைக்கும் இருந்தது.

சிகாகோவின் கதை இத்தனை மென்மையானதன்று. 1987இல் மத்திய அரசின் கல்விச் செயலர் வில்லியம் பென்னட் அந்நகரப் பள்ளிகளே நாட்டில் மிக மோசமானவை என்று பழித்தார். அதே ஆண்டு ஆசிரியர் வேலைநிறுத்தம் 19 நாள் நீடித்தது. நகரின் முதல் கறுப்பின மேயரான ஹரால்டு வாஷிங்டன் பெற்றோர்களையும் வணிகர்களையும் கூட்டிவைத்துத் தொடங்கிய பேச்சு, அவர் மறைவுக்குப் பின் 1988இல் சட்டமாயிற்று. அச்சட்டம் அதிகாரத்தை மேலே குவிக்கவில்லை, கீழே பரப்பியது: ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோர் ஆறு பேர், வட்டாரவாசிகள் இருவர், ஆசிரியர்கள் இருவர், தலைமையாசிரியர் ஆகியோர் கொண்ட உள்ளூர்ப் பள்ளி மன்றம் அமைந்தது, தலைமையாசிரியரை நான்காண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தும் உரிமையும் அம்மன்றத்துக்குக் கிடைத்தது. நம் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு எட்டாத அதிகாரம் இது. ஏழாண்டுகள் கழித்து, 1995இல், குடியரசுக் கட்சி மேலோங்கிய மாநில சட்டமன்றம் எதிர்த்திசையில் திரும்பி, வாரியத்தையும் தலைமை நிர்வாக அதிகாரியையும் நியமிக்கும் முழு உரிமையை சனநாயகக் கட்சி மேயர் ரிச்சர்ட் எம். டேலியிடம் ஒப்படைத்தது. பள்ளி மன்றங்கள் கலைக்கப்படவில்லை. இரண்டு தத்துவங்கள் ஒரே கட்டடத்தில் குடியிருக்க நேர்ந்த இந்த விசித்திரமே சிகாகோவைப் பிற நகரங்களிலிருந்து வேறுபடுத்துகிறது.

டேலி கல்வித் தலைமைக்குக் கல்வியாளரைத் தேடவில்லை. நகர நிதிநிலை அறிக்கையைத் தயாரித்துவந்த பால் வல்லாசை அமர்த்தினார். வரவு செலவு சமன்பட்டது, கட்டடங்கள் எழுந்தன, வேலைநிறுத்தம் இல்லாத ஆண்டுகள் தொடர்ந்தன. இவையெல்லாம் மேயரால் செய்யக் கூடியவை, அவரால் மட்டுமே விரைவாகச் செய்யக் கூடியவை. ஆனால் 1996இல் நிர்வாகம் வகுப்பறைக்குள்ளும் கைவைத்தது. நம்மூரில் ‘ஆல் பாஸ்’ என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் முறையை ஒழித்து, 3, 6, 8ஆம் வகுப்புகளில் பொதுத்தேர்வில் குறித்த மதிப்பெண் எடுக்காதவர்களைக் கோடை வகுப்புக்கு அனுப்பி, அதிலும் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தும் கொள்கை வந்தது. நாடெங்கும் பாராட்டப்பட்ட இக்கொள்கையைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தது. 3ஆம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் அதனால் எந்தப் பயனும் அடையவில்லை. 6ஆம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள், நிறுத்தப்படாத ஒத்த மாணவர்களைவிடப் பின்தங்கினார்கள். கண்டிப்பு மேடையில் எடுபடும் அளவுக்குக் கரும்பலகையருகே எடுபடவில்லை.

அதே ஆய்வுக் கூட்டமைப்புதான் பின்னர் மிகப் பெரிய நன்மைக்கும் வழிவகுத்தது. உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டான 9ஆம் வகுப்பில் ஒரு மாணவர் போதிய பாட மதிப்பலகுகளைப் பெற்று, முக்கியப் பாடங்களில் ஓர் அரையாண்டுத் தோல்விக்கு மேல் அடையாமல் இருந்தால், அவர் படிப்பை முடிப்பார் என்று பெருமளவு உறுதியாகச் சொல்லிவிடலாம் என்று அதன் ஆய்வு காட்டியது. வருகைப்பதிவும் அரையாண்டு முடிவும் தலைமையாசிரியர்களின் மேசைக்கு உடனுக்குடன் வரத் தொடங்கின. யார் வழுக்குகிறார் என்பது ஆண்டிறுதிவரை காத்திராமல் அந்த வாரமே தெரிந்தது. 2007இல் 57 சதவீதமாக இருந்த தேறும் தடத்தில் உள்ள மாணவர் விகிதம் 2013இல் 82 சதவீதமாயிற்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் 2017இல் வெளியிட்ட ஆய்வு, சிகாகோவின் 3 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் 2009க்கும் 2014க்கும் இடையே, ஐந்தாண்டுகளில் ஆறாண்டுக் கற்றலுக்கு நிகரான வளர்ச்சி பெற்றனர் என்று கணித்தது. மிக மோசம் என்று பழிக்கப்பட்ட நகரம், ஒரு தலைமுறைக்குள் பெரிய மாவட்டங்களில் மிக வேகமாக முன்னேறும் ஒன்றாக மாறியிருந்தது. இதன் புகழை எந்த மேயருக்குச் சேர்ப்பது? தலைமையாசிரியர்களைத் தேர்ந்தெடுத்த பள்ளி மன்றங்கள், தரவுகளை வெளிப்படையாக ஆராய்ந்த பல்கலைக்கழகம், நிதியையும் நிர்வாக நிலைத்தன்மையையும் தந்த மேயர் அலுவலகம் ஆகிய மூன்றும் சேர்ந்த விளைவு இது என்பதே சான்றுகளோடு பொருந்தும் விடை.

அந்நகரமே 2013இல் மறுபக்கத்தையும் காட்டியது. மேயர் ராம் இமானுவேல் நியமித்த வாரியம், மாணவர் எண்ணிக்கை குறைந்ததையும் நிதிப் பற்றாக்குறையையும் காரணம் காட்டி ஏறத்தாழ 50 பள்ளிகளை ஒரே ஆண்டில் மூட முடிவெடுத்தது. இடம்பெயர்ந்த பிள்ளைகள் சுமார் 12,000 பேரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். நன்றாக நடக்கும் பள்ளிகளுக்கு மாற்றப்படுவதால் அவர்களுக்கு நன்மையே விளையும் என்று வாதிடப்பட்டது. மேலே சொன்ன ஆய்வுக் கூட்டமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கையோ, மூடல் அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே அவர்களின் கற்றல் பாதிக்கப்பட்டதையும், கணக்குப் பாடத்தில் அப்பாதிப்பு சில ஆண்டுகள் நீடித்ததையும் பதிவுசெய்தது. பெற்றோர் கூட்டங்களில் எழுந்த எதிர்ப்பு, தேர்தலைச் சந்திக்க வேண்டிய கட்டாயம் இல்லாத உறுப்பினர்களை அசைக்கவில்லை.

நியூயார்க் நகரம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட, நாட்டின் மிகப் பெரிய பள்ளி மாவட்டம். 1968இல் புரூக்ளினின் ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில் பகுதியில், கறுப்பினப் பெற்றோர்கள் பெரும்பான்மையாக இருந்த சோதனை முறை வாரியம் சில ஆசிரியர்களை வெளியேற்ற முற்பட்டதிலிருந்து நகரளாவிய வேலைநிறுத்தம் வெடித்தது. அது ஆசிரியர் சங்கத்துக்கும் கறுப்பின மக்களுக்கும் இடையே ஆறாத காயத்தை ஏற்படுத்தியது. அதற்கு மருந்தாக 1969இல் இயற்றப்பட்ட சட்டம், தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை முப்பதுக்கும் மேற்பட்ட வட்டார வாரியங்களிடம் பிரித்துக் கொடுத்தது. மைய வாரியத்தின் எழுவரில் ஐவரைப் பெருநகரின் ஐந்து பகுதித் தலைவர்களும் இருவரை மட்டுமே மேயரும் நியமிப்பதாயிற்று. வட்டார வாரியத் தேர்தல்களில் வாக்குப்பதிவு பெரும்பாலும் 10 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. சில வாரியங்கள் சிறப்பாக நடந்தன. சிலவற்றில் பதவிகளுக்கு விலை பேசப்பட்டது. 2002இல் மாநில சட்டமன்றம் இவ்வமைப்பைக் கலைத்து, சான்சலர் எனப்படும் கல்வித் தலைவரையும் 13 பேர் கொண்ட கொள்கைக் குழுவில் பெரும்பான்மையினரையும் நியமிக்கும் உரிமையைப் புதிய மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கிடம் அளித்தது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு எதிராக மத்திய அரசின் ஏகபோக வழக்கை நடத்திய வழக்கறிஞர் ஜோயல் கிளைன் சான்சலரானார். கல்வித் தலைமையகம் புரூக்ளினிலிருந்து நகரமன்றத்தின் பின்புறமிருந்த பழைய நீதிமன்றக் கட்டடத்துக்கு மாறியது. பள்ளி இனி நகர ஆட்சியின் உறுப்பு என்பதை அந்த இடமாற்றமே அறிவித்தது. 2004 மார்ச்சில், 3ஆம் வகுப்பில் தேறாதவர்களை நிறுத்திவைக்கும் திட்டத்தை எதிர்க்க இருந்த உறுப்பினர்களை வாக்கெடுப்பு நாளன்றே நீக்கி, வேறு ஆட்களை நியமித்து, அத்திட்டம் நிறைவேற்றப்பட்டது. மேயர் கட்டுப்பாடு என்றால் அதுதான் பொருள் என்று புளூம்பெர்க் ஒளிவுமறைவின்றி வாதாடினார். கலந்தாய்வு என்ற பெயரில் அமைந்த குழு வெறும் முத்திரையாகச் சுருங்கிப்போனது அன்று வெளிப்பட்டது. சிகாகோவின் முதற்கட்ட ஆய்வு முடிவுகள் அதற்குள் கைக்கு எட்டியிருந்தும் அதே கொள்கை இங்கு இறக்குமதியானதைப் பார்க்கையில், முத்திரைக் குழுவால் இழந்தது மரியாதை மட்டுமன்று என்று தோன்றுகிறது.

புளூம்பெர்க் காலத்து வெற்றிகளில் அசைக்க முடியாத சான்றுடன் நிற்பது சிறிய உயர்நிலைப் பள்ளிகள். ஆயிரக்கணக்கில் மாணவர்கள் நிரம்பி, பாதிப்பேர் படிப்பை முடிக்காமல் வெளியேறிய பெரும் பள்ளிகள் பல படிப்படியாக மூடப்பட்டு, அதே கட்டடங்களில் ஆண்டுக்கு 100 மாணவர் அளவில் சேர்க்கும் புதிய பள்ளிகள் தொடங்கப்பட்டன. விண்ணப்பித்தோர் இடங்களைவிட அதிகமானபோது குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கப்பட்டதால், இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு விளைவை அளக்க முடிந்தது. மருத்துவத்தில் புதிய மருந்தைச் சோதிக்கும் முறையும் இதுவே. எம்.டி.ஆர்.சி. ஆய்வு நிறுவனம் செய்த ஒப்பீட்டில், சிறிய பள்ளிகளில் சேர்ந்தவர்களின் படிப்பு நிறைவு விகிதம் ஏறத்தாழ 9 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. இத்தனை பள்ளிகளை மூடித் திறக்கும் காரியத்தை, ஒவ்வொரு மூடலுக்கும் ஒரு வட்டாரத்தின் வாக்கை இழக்கும் வாரியம் எதுவும் செய்திருக்க வாய்ப்பில்லை. சிகாகோவில் தீமை செய்த அதே வலிமை இங்கு நன்மை செய்தது; இங்கு மாணவர்கள் நடுவழியில் பெயர்க்கப்படாமல், பழைய பள்ளி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகச் சுருங்கி முடிந்தது என்பது முக்கிய வேறுபாடு.

மதிப்பெண் புள்ளிவிவரங்களோ வேறு பாடம் புகட்டின. 2009இல் நகர மாணவர்களில் 82 சதவீதத்தினர் கணக்கிலும் 69 சதவீதத்தினர் ஆங்கிலத்திலும் தகுதி பெற்றதாக மாநிலத் தேர்வு முடிவு அறிவித்தது. மேயர் மூன்றாம் முறையாகப் போட்டியிட்ட தேர்தல் ஆண்டு அது. தேர்வு ஆண்டுக்காண்டு எளிதாகிவந்ததை ஒப்புக்கொண்ட மாநில அரசு 2010இல் தகுதி வரம்பை உயர்த்தியதும், அவ்விகிதங்கள் முறையே 54ஆகவும் 42ஆகவும் சரிந்தன. பிள்ளைகள் ஓராண்டில் மறந்துவிடவில்லை, அளவுகோல்தான் நேரானது. பள்ளிகளுக்கு ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை தரம் எழுதுவதும், அத்தரத்தைக் கொண்டு தலைமையாசிரியர்களின் பதவியை முடிவு செய்வதும் இதே அளவுகோலை நம்பி எழுந்தவை. கல்வித்துறை அனுபவமே இல்லாத பத்திரிகை நிறுவன நிர்வாகி ஒருவரைப் புளூம்பெர்க் 2010 இறுதியில் சான்சலராக அறிவித்ததும், அவர் பதவியேற்று நான்கு மாதங்கள் நிறைவதற்குள் விலக நேர்ந்ததும், மேயரின் விருப்பம் ஒன்றே தகுதியாகிவிட்டதன் விளைவு.

2014இல் மேயரான பில் டி பிளாசியோ அதே அதிகாரத்தைப் பள்ளி வாசலுக்கு முந்தைய பருவத்தின் மீது செலுத்தினார். நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் இலவச முழுநாள் முன்பருவக் கல்வி என்பது அவரது வாக்குறுதி. பணக்காரர்கள் மீது வரி விதித்து நிதி திரட்டும் யோசனையை ஆளுநர் ஏற்காவிட்டாலும், மாநில அரசு நகரத்துக்கு ஆண்டுக்கு 30 கோடி டாலர் ஒதுக்கியது. சுமார் 20,000 ஆக இருந்த முழுநாள் இடங்கள் 2014 செப்டம்பரில் 50,000ஐயும் மறு ஆண்டில் 65,000ஐயும் தாண்டின. பள்ளிகளில் இடம் போதாதபோது நூலகங்களும் தொண்டு அமைப்புகளின் மையங்களும் பயன்பட்டன; சுகாதாரத் துறையும் தீயணைப்புத் துறையும் கட்டடத் துறையும் ஒரே கோடையில் இவ்விடங்களையெல்லாம் சோதித்துச் சான்று வழங்கின. கல்வி வாரியம் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டிய துறைகள் இவை. மேயருக்கு ஒரு கூட்டம் போதும். அதே மேயர், பின்தங்கிய 94 பள்ளிகளை உள்ளிருந்து சீர்திருத்த அதே ஆண்டு தொடங்கிய திட்டமோ 70 கோடி டாலருக்கும் மேல் விழுங்கிவிட்டு, குறிப்பிடத்தக்க பலனின்றி 2019இல் கைவிடப்பட்டது.

இந்த வெற்றி தோல்விகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வடிவம் புலப்படுகிறது. நிதி, கட்டடம், இடவசதி, குழந்தை நலம், தலைமை நிலைத்திருத்தல் ஆகியவற்றில் மேயர்கள் செய்தவை பெரும்பாலும் பலித்தன. எந்தப் பிள்ளையை எந்த வகுப்பில் நிறுத்துவது, எந்த மதிப்பெண் எந்தத் தரம் என்பவற்றில் அவர்கள் காட்டிய வேகம் பெரும்பாலும் பலிக்கவில்லை. தலைநகர் வாஷிங்டன் இதற்கு ஓரளவு விலக்கு. அங்கு மேயர் ஏட்ரியன் ஃபென்டி 2007இல் பள்ளிகளைத் தம் பொறுப்பில் எடுத்து மிஷெல் ரீயைத் தலைமையில் அமர்த்தினார். 23 பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர்களை வகுப்பறைப் பார்வையாலும் மாணவர் முன்னேற்றத்தாலும் மதிப்பிடும் முறை 2009இல் வந்தது. மறு ஆண்டு 241 ஆசிரியர்கள் ஒரே நாளில் நீக்கப்பட்டனர். பின்னாளில் தாமஸ் டீ, ஜேம்ஸ் வைக்காஃப் ஆகியோர் நடத்திய ஆய்வு, அம்மதிப்பீட்டால் திறன் குறைந்தோர் தாமாக விலகியதையும் எஞ்சியோர் மேம்பட்டதையும் காட்டியது. முன்தயாரிப்புக்கு இடந்தராத தேசிய மாதிரித் தேர்விலும் வாஷிங்டன் மாணவர்கள் தொடர்ந்து ஏறினர். ஆயினும் அதே நகரத்தில், 2017இல் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வருகை முதலிய விதிகளை மீறி அதைப் பெற்றனர் என்று விசாரணை கண்டறிந்தது. எண் உயர வேண்டும் என்ற நெருக்கடி மேலிருந்து வரும்போது, கீழே எண் எப்படியும் உயர்ந்துவிடுகிறது.

மேயர் கட்டுப்பாட்டுக்கு ஆதரவான முக்கிய வாதம் பொறுப்புடைமை: ஒரே ஒருவர் பொறுப்பேற்கையில் வாக்காளர் அவரைத் தண்டிக்கவோ பாராட்டவோ இயலும் என்பது. கென்னத் வாங் உள்ளிட்ட நால்வர் 2007இல் வெளியிட்ட ‘எஜுகேஷன் மேயர்’ என்ற நூல், பல நகரங்களின் தரவுகளை ஒப்பிட்டு, மேயர் பொறுப்பேற்ற மாவட்டங்களில் தொடக்கப்பள்ளி மதிப்பெண்கள் மிதமாக உயர்ந்ததாகக் கண்டது. ஆனால் நகரத்துக்குள் பள்ளிக்கும் பள்ளிக்கும் இருந்த இடைவெளி குறைந்ததாக அதனால் சொல்ல முடியவில்லை. தேர்தல் வழியான பொறுப்புடைமையோ, நடைமுறையில் நொண்டுகிறது. மதிப்பெண்கள் ஏறிக்கொண்டிருந்தபோதே ஃபென்டி 2010இல் தம் கட்சியின் முதனிலைத் தேர்தலில் தோற்றார். 50 பள்ளிகளை மூடிய இமானுவேல் 2015இல் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டாலும் வென்றார். வாக்காளர் நான்காண்டுக்கு ஒருமுறை போடும் ஒரே வாக்கில் வரி, குற்றம், வாடகை, பனி அள்ளுதல் எல்லாம் அடங்கியிருக்க, பள்ளிக்கான தீர்ப்பைத் தனியே பிரித்தெடுப்பது எளிதன்று. பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்கள் பெருநகர வாக்காளர்களில் சிறுபான்மையினர் என்பதையும், அக்குடும்பங்களில் குடியுரிமை பெறாதோர் பலர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனம் பற்றிய கேள்வி இதிலிருந்து பிரிக்க முடியாதது. நகரப் பள்ளி வாரியங்களில் கறுப்பினத்தவர் இடம்பெறத் தொடங்கி ஒரு தலைமுறைகூட முடியாத நிலையில் அவ்வாரியங்கள் கலைக்கப்பட்டதை, சீர்திருத்தம் என்ற பெயரில் நடந்த வாக்குரிமைப் பறிப்பாகப் பலர் கண்டனர். டெட்ராய்ட்டில் 1999இல் மாநில அரசு திணித்த முறையை, 2004இல் வாய்ப்புக் கிடைத்ததும் வாக்காளர்கள் தூக்கியெறிந்தனர். பாஸ்டனிலும் 2021இல் நடந்த கருத்தறியும் வாக்கெடுப்பில் 79 சதவீதத்தினர் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவைக் கோரினர். நகரமன்றம் அதை ஏற்று இயற்றிய தீர்மானத்தை 2023இல் மேயர் மிஷெல் வூ தம் தடையுரிமையால் நிறுத்தினார். நியூயார்க்கின் சட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காலாவதியாகிப் புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் மேயர் மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குச் சென்று கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. 2009 கோடையில் சட்டமன்றக் குழப்பத்தால் அது காலாவதியானபோது, பழைய கல்வி வாரியம் பெயரளவில் சில வாரங்கள் உயிர்பெற்று, கிளைனையே தலைவராகத் தொடரச் செய்தது.

அதிகாரமே இல்லாத மேயர் என்ன செய்ய முடியும் என்பதற்கு டெக்சாசின் சான் அன்டோனியோ சான்று. அந்நகர எல்லைக்குள் பதினைந்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒன்றின் மீதும் மேயருக்கு அதிகாரம் கிடையாது. மேயர் ஹூலியன் காஸ்ட்ரோ 2012இல், ஒரு டாலர் விற்பனைக்கு எட்டில் ஒரு சென்ட் கூடுதல் வரி விதித்து, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தரமான முன்பருவ மையங்களை நகரமே நடத்தும் திட்டத்தை மக்கள் வாக்குக்கு விட்டார். வாக்காளர் ஏற்றனர்; எட்டாண்டு நடைமுறையைப் பார்த்த பின் 2020இல் மேலும் பெரிய ஆதரவுடன் அதைப் புதுப்பித்தனர். சட்டத்தால் பெறும் பெரும் கட்டுப்பாட்டைவிட, நகரம் தானே செலவிட்டுத் தானே நடத்தும் ஒரு குறிப்பிட்ட பணிக்கு நேரடி இசைவு பெறுவது உறுதியான அடித்தளம் என்று கருத இடமிருக்கிறது.

சிகாகோ இப்போது முழு வட்டம் சுற்றிவருகிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 உறுப்பினர் வாரியம் படிப்படியாக மக்களால் தேர்ந்தெடுக்கப்படும். 2024 நவம்பரில் 10 இடங்களுக்கு, நகர வரலாற்றிலேயே முதல்முறையாக, தேர்தல் நடந்தது. 2027 ஜனவரியில் வாரியம் முழுதும் தேர்ந்தெடுக்கப்பட்டதாகிவிடும். 2023 மேயர் தேர்தலின் இறுதிச் சுற்றில் மோதியவர்கள், மேயர் கட்டுப்பாட்டின் முதல் நிர்வாகியான வல்லாசும், அதை எதிர்த்துவந்த ஆசிரியர் சங்கத்தின் அமைப்பாளராக இருந்த பிராண்டன் ஜான்சனும். ஜான்சன் வென்றார். எதிர்த்து வளர்ந்த அதிகாரம் கைக்கு வந்ததும் அவரும் அதைப் பயன்படுத்தவே செய்தார்: தலைமை நிர்வாகியை நீக்கவும் கடன் வாங்கவும் அவர் தந்த நெருக்கடிக்கு நடுவே, அவரே நியமித்த வாரியத்தின் எழுவரும் 2024 அக்டோபரில் ஒருசேர விலகல் அறிவித்தனர், புதிதாக நியமிக்கப்பட்ட வாரியம் டிசம்பரில் அந்நிர்வாகியைப் பதவிநீக்கியது. சச்சரவின் மையத்திலிருந்தது பாடத்திட்டமன்று, ஆசிரியரல்லாத பள்ளிப் பணியாளர்களின் ஓய்வூதியத்துக்கான சுமார் 17.5 கோடி டாலர். அப்பணியாளர்கள் நகர ஊழியர்களுக்கான ஓய்வூதிய நிதியில் உறுப்பினர்கள். மேயரும் வாரியமும் ஒன்றாக இருந்த காலத்தின் பெரும்பகுதியில் யார் செலுத்துவது என்று எவரும் உரத்துக் கேட்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் மேயருக்குக் கட்டுப்படாத தனி அரசாக அமரும்போது, அந்தத் தொகையைப் பள்ளிகள் தம் வகுப்பறைச் செலவிலிருந்து தருவதா, நகரம் தன் வரியிலிருந்து தருவதா என்பதை முதலில் தீர்த்தாக வேண்டும்.